லேஞ்சியும் மூச்சும்

(வலிகாமத்துக் கிராமம் ஒன்றின் வாசிகசாலை ஆண்டுவிழாவில், ஓய்வுபெற்ற மயக்க மருந்து வைத்தியர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உங்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒரு காட்சியை முதலில் நினைவுபடுத்துகிறேன். ஆளில்லாத தெரு. ஒரு கார் வந்து நிற்கிறது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன் இறங்குகிறான். காற்சட்டைப் பையிலிருந்து ஒரு லேஞ்சியை எடுக்கிறான். நடந்து போகும் பெண்ணின் பின்னால் வந்து அவள் மூக்கிலும் வாயிலும் அதை வைத்து அழுத்துகிறான். ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுவதற்குள் அவள் கண் செருகித் துவண்டு விழுகிறாள். அடுத்த காட்சியில் ஒரு கிட்டங்கிக்குள் கதிரையில் கட்டுண்டு இருக்கிறாள். முகத்தில் தண்ணீர் தெளிக்கிறார்கள். உடனே விழித்து, நாக்குக் குழறாமல் நீண்ட வசனம் பேசுகிறாள்.

யாழ்ப்பாணத்தின் வின்சர், ராணி, மனோகரா தியேட்டர்களில் படம் பார்த்து வளர்ந்தவன் நான். இந்தக் காட்சியை எத்தனை தரம் பார்த்திருப்பேன் என்று கணக்கில்லை. இதே யாழ்ப்பாணத்தின் இன்னொரு வகைத் தியேட்டரில், சத்திரசிகிச்சைக்கூடத்தில், 34 வருடம் மனிதரை மயக்குவதையே தொழிலாகச் செய்தேன். அந்த 34 வருடத்தில் ஒருவரையேனும் அந்த வேகத்தில் மயக்கியது கிடையாது. அப்படி மயக்கக்கூடிய மருந்து எதுவும் என் அலுமாரியில் இருந்ததுமில்லை. இன்று உலகத்தின் எந்த ஆஸ்பத்திரியிலும் இல்லை.

கதையில் வரும் பொய் கதையோடு நின்றுவிட்டால் நான் இங்கே வந்து பேசவேண்டியதில்லை. அது ஆஸ்பத்திரிக்குள் வருகிறது, காட்டுக்குள் போகிறது, ஊர்ச் சந்தியில் நிற்கிறது. அங்கெல்லாம் உயிர் போயிருக்கிறது.

லேஞ்சியில் இருப்பதாகச் சொல்லப்படும் குளோரோபோமில் தொடங்குவோம். தண்ணீர் போலத் தெளிந்த, இனித்த மணமுள்ள திரவம் அது. 1846 ஒக்டோபர் 16ஆம் திகதி பொஸ்ரன் நகர ஆஸ்பத்திரி ஒன்றில் வில்லியம் மோட்டன் என்ற பல் வைத்தியர் ஈதர் ஆவியைக் கொடுத்து, நோவில்லாமல் ஒரு கட்டியை வெட்டியெடுக்க வழிசெய்தார். அடுத்த வருடம் நவம்பரில் எடின்பரோவின் பிரசவ வைத்தியர் ஜேம்ஸ் யங் சிம்சன் குளோரோபோமைத் தம்மிலேயே பரீட்சித்தார். ஈதரைவிட மணம் நல்லது, வேலையும் கெதி. ஐரோப்பா முழுவதும் அதைப் பிடித்துக்கொண்டது. கூடவே பயமும் பரவியது. லண்டன் தெருக்களில் கள்ளர்கள் குளோரோபோம் நனைத்த துணியால் ஆட்களை விழுத்திக் கொள்ளையடிக்கிறார்கள் என்று பத்திரிகைகள் எழுதின. குளோரோபோம் கொடுத்துக் குற்றம் புரிவோரைத் தண்டிக்க 1851இல் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டமே போட்டது.

அந்தக் காலத்தில் குளோரோபோமை அறிந்தவர்களில் முதன்மையானவர் ஜோன் ஸ்னோ. 1853இல் விக்ரோறியா மகாராணியின் பிரசவத்துக்கு அதைக் கொடுத்தவர். தெருவில் நிற்கிற ஒருவரை, அவருடைய இணக்கமில்லாமல், கணப்பொழுதில் இப்படி விழுத்த முடியாது என்று ஸ்னோ திரும்பத் திரும்ப எழுதினார். 1865இல் ‘லான்செற்’ மருத்துவ சஞ்சிகை, கணப்பொழுதில் ஒருவரை உணர்விழக்கச் செய்து காட்டுகிறவருக்கு நிலையான விஞ்ஞானப் புகழ் உண்டு என்று அறைகூவல் விட்டது. ஒருவரும் வந்து காட்டவில்லை.

ஏன் முடியாது? ஆவி மூக்கால் நுழைந்து நுரையீரலை நிரப்பவேண்டும். அங்கிருந்து இரத்தத்தில் கரையவேண்டும். இரத்தத்தில் அதன் அளவு மூச்சுக்கு மூச்சு கூடி மூளையில் போதிய அளவு சேரவேண்டும். படுத்திருந்து, அமைதியாக, சொன்னபடி மூச்சிழுக்கும் ஆளுக்கே இதற்கு ஐந்து நிமிடமாவது வேண்டும். ஐந்து நிமிடம் என்பது இந்த வாசிகசாலைப் படலையிலிருந்து சந்திக் கடைவரை நடந்துபோய்த் திரும்பி வருகிற நேரம். அவ்வளவு நேரம் திமிறுகிற ஒருவரின் முகத்தில் துணியை அழுத்திப் பிடிக்கவேண்டும். திமிறுகிறவர் மூச்சை அடக்குவார், கத்துவார், முகத்தைத் திருப்புவார். துணி காற்றுப் புகாமல் அழுந்தினால் மூச்சுத்திணறும். காற்றுப் புகும்படி இருந்தால் ஆவி போதாது.

இன்னொன்றும் உண்டு. ஆவி மயக்கத்தில் மனிதர் விழிப்பிலிருந்து நேரே உறக்கத்துக்குப் போவதில்லை. ஆர்தர் குவிடெல் என்ற அமெரிக்க வைத்தியர் முதலாம் உலகப் போரில் பிரான்சில் வேலை செய்தவர். அங்கே அனுபவமில்லாத உதவியாளர்கள் ஈதர் கொடுக்கவேண்டியிருந்தது. அவர்களுக்காக மயக்கத்தை நான்கு படிகளாக அவர் வகுத்தார். இரண்டாவது படி கொந்தளிப்பு. அதில் ஆள் உளறுவார், கைகால் அடிப்பார், சத்தி எடுப்பார், குரல்வளை இறுகும், மூச்சு ஒழுங்கு கெடும். சாவு இந்தப் படியிலும் காத்திருக்கும். சினிமா ஒரேயடியாகத் தாண்டிப் போவதும் இந்தப் படியைத்தான்.

குளோரோபோம் சனங்களின் கையில் வந்து மூன்று மாதம்கூட ஆகவில்லை. 1848 ஜனவரி 28ஆம் திகதி இங்கிலாந்தின் நியூகாசிலுக்குப் பக்கத்தில் பதினைந்து வயதுச் சிறுமி ஒருத்தி, கால்விரல் நகம் ஒன்றை அகற்றுவதற்காகக் கொடுத்த குளோரோபோமில் இறந்துபோனாள். ஒரு துணியில் ஊற்றி, கதிரையில் இருத்திக் கொடுத்தார்கள். சில நிமிடத்தில் முடிந்துவிட்டது. லேஞ்சியின் உண்மையான வரலாறு அவளில்தான் தொடங்குகிறது. அதற்குப் பிறகு அப்படிப் பல நூறு சாவுகள். சாவு மூச்சால் வருகிறதா இருதயத்தால் வருகிறதா என்ற வாதம் வைத்திய உலகை இரண்டாகப் பிரித்தது. அதைத் தீர்க்க 1888இலும் 1889இலும் ஹைதராபாத் மன்னர் நிசாமின் பணத்தில் அங்கேயே இரண்டு ஆணைக்குழுக்கள் இருந்தன. எட்வேட் லோறி என்ற வைத்தியர் நூற்றுக்கணக்கான மிருகங்களில் சோதித்து, நாடியைப் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், மூச்சைப் பாருங்கள் என்று முடிவு சொன்னார். 1911இல் லேவி என்பவர், மயக்கம் ஆழமாக முன்னரே குளோரோபோம் இருதயத்தையும் திடீரென நிறுத்தும் என்று நிறுவினார். ஆக, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பாதி உண்மையை வைத்திருந்தது. இன்று ஒரு வைத்தியரும் மனிதருக்குக் குளோரோபோம் கொடுப்பதில்லை. ஆனால் மூச்சைப் பார் என்ற அந்தச் சொல்லை, நான் படிப்பித்த ஒவ்வொரு மாணவனுக்கும் முதல் நாளே சொன்னேன்.

இந்த வரலாற்றில் நமது மண்ணுக்கு ஒரு பங்குண்டு. ஈதர் அரங்கேறிய அதே பொஸ்ரனிலிருந்து, ஆறு மாதம் கழித்து, 1847 ஏப்ரலில் ஓர் இளம் வைத்தியர் கப்பலேறினார். மானிப்பாயில் இன்றும் பெயர் நிலைத்திருக்கும் சாமுவேல் பிஸ்க் கிறீன்தான் அவர். வைத்தியத்தைத் தமிழில் படிப்பிக்கலாம் என்று சொன்னது மட்டுமில்லை, அறுபதுக்கு மேற்பட்டவர்களைப் பயிற்றி எடுத்தார், நூல்களையும் தந்தார். ‘மனுஷ அங்காதி பாதம்’, ‘வைத்தியாகரம்’, ‘கெமிஸ்தம்’ எல்லாம் அவர் கையாலும் அவருடைய மாணவர் கையாலும் வந்தவை. ட்றூயிற் எழுதிய சத்திரவைத்திய நூல் 1867இல் ‘இரண வைத்தியம்’ என்று தமிழானது. உடலுக்குள் என்ன நடக்கிறது என்பது ஊர்ச் சனத்துக்கு அவர்களுடைய பாசையில் தெரியவேண்டும் என்பது அவருடைய பிடிவாதம். ஒன்றரை நூற்றாண்டு கழித்து, அந்த மானிப்பாய்க்கு எட்டுகிற தூரத்தில் நின்றுகொண்டு, மயக்கம் என்றால் என்ன என்று நான் தமிழில் சொல்கிறேன் என்றால் அது அவர் போட்ட பாதை.

சரி, குளோரோபோம் பழசு, இப்போது ஊசி இருக்கிறதே, தியேட்டரில் ஊசி போட்ட கையோடு ஆள் தூங்குகிறாரே என்று கேட்பீர்கள். உண்மை. புரோபோபோல் என்று பால் போன்ற வெள்ளை மருந்து ஒன்று 1986 முதல் பாவனையில் இருக்கிறது. அதற்கு முந்தி, 1934 முதல், தயோபென்ரோன் இருந்தது. நாளத்தில் ஏற்றினால் கையிலிருந்து இருதயம் போய், நுரையீரல் சுற்றி, மூளைக்கு ஏறுகிற நேரம்தான், ஏறக்குறைய 30 முதல் 40 செக்கன். மனிதருக்குத் தெரிந்த மிகக் கெதியான வழி இதுதான். அதற்கும் நோயாளி கையை நீட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருக்கவேண்டும், நாளத்தில் முன்கூட்டியே குழாய் ஏற்றியிருக்கவேண்டும், ஆளின் நிறை தெரியவேண்டும். படத்தில் செய்வதுபோலக் கழுத்துத் தசையில் குத்தினால் அரை நிமிடம் பல நிமிடமாகும். மாத்திரையைத் தேத்தண்ணியில் கரைத்துக் கொடுத்தால் அரை மணித்தியாலம், ஒரு மணித்தியாலம்.

ஆனால் நான் சொல்லவந்த விஷயம் நேரக்கணக்கைவிடப் பெரிது. மருந்து ஏறி, கண் மூடி, ஆள் தூங்கிவிட்டார். கதை அங்கே முடிகிறது. என் வேலை அங்கேதான் தொடங்குகிறது. தூங்கிய அந்த நிமிடத்திலேயே மூச்சு ஆழம் குறையும், சிலவேளை முற்றாக நிற்கும். கீழ்த்தாடை தளரும். நாக்கு பின்னுக்கு விழுந்து தொண்டையை அடைக்கும். இரத்த அழுத்தம் இறங்கும். இருமுகிற, விழுங்குகிற சக்தி போய்விடும். நீங்களும் நானும் இயல்பாக உறங்கும்போது தொண்டையை உடம்பே காவல் காக்கிறது. மருந்து மயக்கத்தில் அந்தக் காவலாளியும் மயங்கிவிடுகிறான். ஆகவே வெளியிலிருந்து ஒருவர் அவனுடைய இடத்துக்கு வரவேண்டும்.

அந்த ஒருவர் தலைமாட்டில் நிற்பார். இரண்டு கை விரல்களையும் தாடையின் மூலைக்குப் பின்னால் கொடுத்து முன்னுக்குத் தூக்குவார். இவ்வளவுதான். மருந்து வேண்டாம், மின்சாரம் வேண்டாம். நாக்கு விலகும், மூச்சு ஓடும். என் தொழிலின் முழு வித்தையும் இந்த விரல்களில் இருக்கிறது என்று மாணவர்களுக்குச் சொல்வேன். முகமூடி, குழாய், ஒட்சிசன், யந்திரம் எல்லாம் அதற்குப் பிறகு.

இன்னொருவர் மூச்சைக் காத்தால் உயிர் நிற்கும் என்பது எவ்வளவு பழைய உண்மை என்பதற்கு ஒரு கழுதை சாட்சி. தென்னமெரிக்க ஆதிக்குடிகள் அம்பு நுனியில் தடவுகிற குறாரே என்ற நஞ்சை சாள்ஸ் வோட்டற்றன் என்ற பிரயாணி இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தார். அது மயக்குவதில்லை. தசைகளைச் செயலிழக்கச் செய்யும். மூச்சுவிடும் தசையும் நின்றுபோவதால்தான் மிருகம் சாகும். 1814இல் லண்டனில் ஒரு பெண் கழுதைக்கு அதை ஏற்றினார்கள். விழுந்தது. மூச்சுக்குழாயைத் திறந்து, கொல்லன் பட்டறைத் துருத்தி போன்ற ஒரு துருத்தியால் விடாமல் காற்று ஊதினார்கள். நஞ்சின் வேகம் தீரும்வரை ஊதினார்கள். கழுதை எழுந்து நின்றது. 1839 வரை உயிரோடிருந்தது. ஒருவர் துருத்தியை விட்டுவிட்டுப் போயிருந்தால் அன்றே செத்திருக்கும்.

வேலியோர ஊமத்தையைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் நமது கதைகளில் மயக்கம் என்றால் முதலில் அதுதான் வரும். ஜப்பானில் ஹனவோக்கா செய்ஷு என்ற வைத்தியர் 1804இல், ஈதருக்கு 42 வருடம் முந்தி, ஊமத்தை சேர்ந்த கசாயத்தால் ஒரு பெண்ணை மயக்கி மார்பகப் புற்றுநோயை வெட்டி அகற்றினார். வைத்திய வரலாற்றில் அது ஒரு மகத்தான நாள். அந்தக் கசாயம் வேலைசெய்ய இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் பிடித்தது. மயக்கம் தெளிய ஆறு மணித்தியாலம் முதல் ஒரு நாள் வரை. அதைத் தயாரிப்பதற்கான பரீட்சைகளில் அவருடைய மனைவி கண்பார்வையை இழந்தார். ஊமத்தை தின்றவர்களை இங்கேயும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவருவார்கள். அவர்கள் அமைதியாக உறங்குவதில்லை. வாய் வறண்டு, கண்மணி விரிந்து, இல்லாததைக் கண்டு அலறிக்கொண்டு வருவார்கள்.

அந்தப் பொய் காட்டுக்குள்ளும் போகிறது என்றேன். 2018 ஜூன் 21ஆம் திகதி கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஒரு சிறுத்தை குடிமனைக்குள் வந்து பலரைக் காயப்படுத்தியது. சனங்கள் அதை அடித்துக் கொன்றார்கள். அதன் காணொளி நாடு முழுவதும் பரவியது. அதன்பின் சில கிழமைகளுக்கு, மயக்க மருந்து வைத்தியர் என்ற காரணத்தால், ஆட்கள் என்னிடமே கேட்டார்கள்: ஓர் ஊசியைச் சுட்டு விழுத்தியிருக்கலாம்தானே? பயத்தில் நின்ற சனத்தின் மேல் நான் பழி போடவில்லை. ஆனால் சுட்டவுடன் சிறுத்தை சுருண்டு விழும் என்ற அந்த நினைப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும்.

2021இல் நீலகிரி மசினகுடியில் ரி23 என்று இலக்கமிட்ட புலியைப் பிடிக்க வனத்துறை மூன்று கிழமை காட்டைச் சல்லடை போட்டது. பழக்கிய கும்கி யானை, நாய், ஆளில்லா விமானம் எல்லாம் இருந்தன. ஒக்டோபர் 14ஆம் திகதி இரவு மயக்க ஊசி பட்டது. பட்ட புலி புதருக்குள் ஓடி மறைந்தது. மறுநாள்தான் பிடித்தார்கள். 2023 ஏப்ரலில் இடுக்கி சின்னக்கானலில் அரிக்கொம்பன் என்ற யானைக்குப் பல ஊசிகள் தேவைப்பட்டன. அதற்குப் பிறகும் நான்கு கும்கிகள் சேர்ந்து தள்ளித்தான், மழைக்குள், அதை லொறியில் ஏற்ற முடிந்தது. ஊசி பட்ட மிருகம் பல நிமிடம் ஓடும். வெருண்டிருந்தால் இன்னும் கூட. பட்ட இடம் கொழுப்பென்றால் மருந்து சரியாக ஏறாது. குளத்துப் பக்கம் ஓடினால் மயங்கி மூழ்கும். யானை நெஞ்சு நிலத்தில்படக் குந்தினால் அதன் பாரமே அதன் மூச்சை நெரிக்கும். பக்கவாட்டில் சரிக்கவேண்டும், தும்பிக்கை மடங்காமல் பார்க்கவேண்டும். யானைக்குப் பாவிக்கும் எற்றோபின் மோபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வலுவானது. அதில் ஒரு துளி தவறுதலாக வைத்தியரின் கையில் ஏறினால் அவர் உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் துவக்கைத் தொடுவார்கள். கூட்டம் கத்திக்கொண்டு சூழ்ந்து நின்றால் இதில் எதுவுமே நடக்காது. அம்பாள்குளம் மாதிரி இன்னொரு நாள் வந்தால், வைத்தியர் வருமட்டும் சனம் விலகி நிற்பதுதான் அந்த மிருகத்துக்கும் மனிதருக்கும் உள்ள ஒரே வழி.

மனிதர் கூட்டத்தையே ஒரேயடியாக மயக்கிப் பார்த்ததும் உண்டு. 2002 ஒக்டோபரில் மொஸ்கோவில் ஒரு நாடக அரங்கில் எண்ணூறுக்கு மேற்பட்டோரை ஆயுததாரிகள் பிடித்து வைத்திருந்தார்கள். மூன்றாம் நாள் அதிகாலை, காற்றுக்குழாய் வழியாக அரசு மயக்க வாயுவைச் செலுத்தியது. சினிமா கனவு கண்ட அதே காட்சி: எல்லோரும் மயங்கினார்கள், படை நுழைந்தது. உணர்விழந்தவர்களை வெளியே கொண்டுவந்து மல்லாக்கக் கிடத்தினார்கள், பஸ்களில் அடுக்கினார்கள். நாக்கு பின்னுக்கு விழுந்தது. 120இற்கு மேற்பட்ட பணயக்கைதிகள், ஏறக்குறைய எல்லோரும் அந்த வாயுவால், இறந்தார்கள். மாற்று மருந்தும் தாடையைத் தூக்கப் போதிய விரல்களும் அங்கே இருந்திருந்தால் எத்தனை பேர் வீட்டுக்குப் போயிருப்பார்கள் என்று நினைக்க எனக்கு இன்றும் நெஞ்சு பதறும்.

அந்தப் பொய் ஊர்ச் சந்தியிலும் நிற்கிறது. தமிழ்நாட்டில் 2018 மே மாதம், திருவண்ணாமலை மாவட்டத்தின் அத்திமூர்ப் பக்கத்தில், குலதெய்வக் கோயிலுக்குப் போன ஒரு குடும்பம் வழியில் பிள்ளைகளுக்குச் சொக்லேற் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிறவர்கள் வந்திருக்கிறார்கள் என்று வட்ஸ்அப்பில் வதந்தி ஓடிய நாட்கள். ஊர் திரண்டு அடித்தது. 65 வயது அம்மா ஒருவர் செத்துப்போனார். சொக்லேற், லேஞ்சி, மணக்கக் கொடுக்கும் காகிதம், முகத்தில் ஊதும் தூள் என்று இங்கேயும் கைத்தொலைபேசிகளில் எச்சரிக்கைகள் வரும். அந்தக் காகிதத்தை மணந்து கணத்தில் மயங்குகிறவர் எவருமில்லை. இரயிலில் மயக்க பிஸ்கட் கொடுத்துத் திருடுவது உண்மை. அது தின்று அரை மணித்தியாலத்துக்கு மேல் கழித்து வேலைசெய்கிற நித்திரை மாத்திரை. தெரியாதவர் தந்ததைத் தின்னாதே என்று பிள்ளைக்குச் சொல்லுங்கள். தெரியாதவரைக் கண்டதும் கல்லெடுக்கப் படிப்பிக்காதீர்கள்.

இப்போது நமது சொந்தக் கதைக்கு வருகிறேன். 1990க்குப் பிறகு, போர்க்காலத்தில், குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. மருந்து வரும், வராது. டீசல் இருந்தால் ஜெனரேற்றர், இல்லாவிட்டால் ரோச்லைற்றும் பெற்றோல்மாக்சும். அந்த வருடங்களில் எங்களைக் காப்பாற்றியது கெற்றமின். 1962இல் அமெரிக்காவில் கண்டுபிடித்து, 1970இல் அங்கே அனுமதி பெற்று, வியட்நாம் போர்க்களத்தில் பேரெடுத்த மருந்து. அது மூச்சைப் பெரும்பாலும் நிறுத்தாது. இரத்த அழுத்தத்தை விழவிடாது. யந்திரம் வேண்டாம். நாளம் கிடைக்காவிட்டால் தசையில் போடலாம், சில நிமிடத்தில் பிடிக்கும். இரத்தம் போன ஷெல் காயக்காரருக்கு அதைவிட நல்ல மருந்து எங்களுக்கு வாய்க்கவில்லை.

ஆனால் கெற்றமினில் கண் மூடாது. ஒருநாள் பின்னேரம் ஒரே நேரத்தில் பலரைக் கொண்டுவந்தார்கள். தியேட்டர் வாசலில் திரைச்சீலை மட்டும்தான். பத்து வயதுப் பொடியன், தொடையில் ஷெல் துண்டு. மருந்து கொடுத்து, சத்திரவைத்தியர் கத்தியை எடுத்த நேரம், திரை இடுக்கால் பார்த்த தாய் கத்திக்கொண்டு உள்ளே ஓடிவந்தா: “ஐயா, பிள்ளை முழிச்சுக்கொண்டிருக்கிறான், வெட்டாதேங்கோ!” பையனின் கண் திறந்திருந்தது, மெல்ல ஆடிக்கொண்டிருந்தது, ஓரத்தில் கண்ணீரும் வழிந்தது. அவனுக்கு ஒன்றும் தெரியாது. அதைத் தாய்க்கு எப்படி விளக்குவது? அவவின் கையைப் பிடித்து அவன் நெஞ்சில் வைத்தேன். “அம்மா, மூச்சைப் பாருங்கோ. ஒரு சீராய்ப் போகுது. நோவிருந்தால் இப்பிடிப் போகாது.” அவ சத்திரசிகிச்சை முடியுமட்டும் கையை எடுக்கவில்லை. விதிப்படி அது பிழை. அன்றைக்கு அவவை வெளியே போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அந்த மருந்துகூட இல்லாமற்போன இடமும் நமக்கு உண்டு. போரின் இறுதியில், 2009இன் முதல் ஐந்து மாதம், புதுக்குடியிருப்பிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை, பள்ளிக்கூடங்களில் நடந்த ஆஸ்பத்திரிகளில் மயக்க மருந்தில்லாமல் கை கால் அகற்றினார்கள். சத்திரசிகிச்சைப் பொருட்கள் உள்ளிட்ட மருத்துவ உதவி மறுக்கப்பட்டதென்ற நம்பத்தகுந்த குற்றச்சாட்டை ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் பதிவு செய்திருக்கிறது. அங்கே வேலைசெய்த வைத்தியர்களையும் தாதிகளையும் நான் தொழில்முறையில் வணங்குகிறேன். மயக்கம் என்பது மனிதர் மனிதருக்குச் செய்யக்கூடிய எவ்வளவு பெரிய கருணை என்று, அது கிடைக்காத ஒருவரைக் கண்டவர்களுக்குத் தெரியும். அதைக் கடத்தல்காரனின் கைத்துணியாக மட்டும் காட்டுகிற கதைகளில் எனக்கு வருத்தம் வருவது இதனால்தான்.

இங்கே எழுதுகிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று விழாத் தலைவர் சொன்னார். கதையில் மயக்கம் வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். விராட பர்வத்தில் அர்ச்சுனன் சம்மோகனாஸ்திரம் விட்டுக் கௌரவ சேனையை மயக்கிப் போடுகிறான். அது தெய்வ அஸ்திரம், அதற்கு மருந்துக் கணக்குத் தேவையில்லை. ஆனால் இன்றைய தெருவில், இன்றைய மனிதரை வைத்து எழுதினால், அந்த லேஞ்சிக்காரனை ஐந்து நிமிடம் எங்கள் முன் நிறுத்துங்கள். மயங்கியவளுக்கு மூச்சு முட்டுகிறது. அவளை உயிரோடு கொண்டுபோகவேண்டுமென்றால் அவள் தாடையை அவனே தாங்கிப் பிடிக்கவேண்டும், சத்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவைக்கவேண்டும், வழி முழுக்க நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்கவேண்டும். கடத்த வந்தவன் காவலிருக்க நேர்கிறது. எழுதத் தெரிந்த ஒருவருக்கு அந்தக் காரின் பின்னிருக்கையில் ஒரு நாவலே இருக்கிறது.

கடைசியாக, நான் மறக்காத ஒரு பிள்ளை. ஓர் ஆஸ்பத்திரியில், கை முறிந்த ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எலும்பைப் பொருத்தவேண்டும். சாப்பிட்டவனா என்று கேட்டேன். இல்லை என்றார்கள். மருந்து ஏறியதும் வயிற்றிலிருந்ததெல்லாம் தொண்டைக்கு வந்தது. பிட்டும் வாழைப்பழமும். உறிஞ்சியெடுத்தோம், ஆனாலும் கொஞ்சம் நுரையீரலுக்குள் போய்விட்டது. பதினொரு நாள் யந்திரத்தில் கிடந்து பிழைத்தான். பிள்ளை பசியில் வாடுகிறதே என்று அம்மம்மா ஒளித்து ஊட்டியிருக்கிறா. அவ பிறகு என்னிடம் அழுதழுது சொன்னது இதுதான்: “கண்ணை மூடித் திறக்கிற நேர வேலை எண்டுதானே தம்பி நினைச்சன்.”

உங்கள் வீட்டில் ஒருவரைத் தியேட்டருக்குக் கொண்டுபோகும் நாள் எப்போதாவது வரும். முகமூடி போட்ட ஒருவர் கட்டிலடிக்கு வந்து, கடைசியாக எத்தனை மணிக்கு என்ன சாப்பிட்டார், தண்ணீர் எப்போது குடித்தார், என்னென்ன மருந்து பாவிக்கிறார், குடி சிகரெட் உண்டா, முன்பு மயக்க மருந்தால் ஏதும் நடந்ததா என்று கேட்பார். அவசரமில்லாத சத்திரசிகிச்சைக்கு முன், சாப்பாடு என்றால் ஆறு மணித்தியாலம், வெறும் தண்ணீர் என்றால் இரண்டு மணித்தியாலம் விடவேண்டும். தவறிப்போய்ச் சாப்பிட்டிருந்தால் ஒருவரும் ஏசமாட்டார்கள், நேரத்தைத் தள்ளிவைப்பார்கள். அந்த மனிதர்தான் அடுத்த ஒரு மணித்தியாலம் உங்கள் பிள்ளையின் ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டு தலைமாட்டில் நிற்கப்போகிறவர். அவரிடம் உண்மையைச் சொல்லுங்கள்.